கூடத்தில் கவிழ்த்த தோணி

கடலே இல்லாத மாத்தளையில், வீட்டுக்குள் தோணி கட்டிய ஒரே வியாபாரி என் வாப்பாதான். அலுவிகாரையில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. வில்கமுவப் பக்கம் ஆற்றுக்கு அக்கரையில் கொஞ்சம் வயல் வாங்கியிருந்தார். கூப்பனுக்கு அரிசி அளந்து கொடுத்த காலம் அது. சொந்த நெல் சாப்பிட வேண்டுமாம். ஆற்றைக் கடக்க அங்கேயே தோணிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை நம்ப முடியாதாம். ஆணி பிடிக்கத் தெரியாத தன் கையை நம்பலாமாம்.

எல்கடுவ தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பெட்டிகளின் பிளைவுட் பலகைகளை வாங்கி வந்து, ஒன்றோடொன்று சேர்த்து ஆணி அடித்தார். மழைக்காலம் என்பதால் வேலை நடுக்கூடத்தில். மூட்டுகளுக்குத் தார் பூசிவிட்டு, "காயுற மட்டும் யாரும் தொடப்படாது" என்று உத்தரவு வேறு. அது காய்ந்தபாடில்லை.

அந்த நேரம் பார்த்து என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளையை டவுனில் அவருடைய புடவைக்கடையில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. வேண்டாத துணிக்கெல்லாம் விலை கேட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னைக்கி மட்டும் வெளிய தூக்கிப் போடுங்களேன்" என்று உம்மா கெஞ்சினார்.

"மழையில நனஞ்சா பலகை உப்பிரும்" என்றார் வாப்பா. ஆற்றில் மிதக்கப்போகிற பலகைக்கு மழை ஆகாதாம்.

உம்மா என்ன செய்வார்? கவிழ்ந்து கிடந்த தோணியை வெள்ளைத் துணியால் மூடினார். நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தினார். தார் நாற்றம் போகச் சாம்பிராணி போட்டார். அந்தப் புகையில் அவருடைய கண்கள் சிவந்து நீர் வழிந்தது.

மாப்பிள்ளையின் உம்மாவும் சாச்சியும் வந்து வாசலில் நின்றார்கள். நீளமாக மூடிய வெள்ளைத் துணி, சாம்பிராணி, அழுத கண். சாவு வீடென்றே நினைத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மௌத்து வீட்டில் ஓத வேண்டியதை ஓதி, மையத்துக்காக துஆவும் கேட்டுவிட்டார்கள்.

"யாரு மௌத்து?" என்று சாச்சி மெதுவாகக் கேட்டார்.

வாப்பா, தாரில் ஒட்டிக்கொண்ட துணியை உரித்துக் காட்டினார். "யாருமில்ல. தோணி. நானே செஞ்சது" என்றார். பாராட்டுவார்கள் என்று நினைத்தார் போலும்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல மௌத்துக்கு ஓதிட்டோம். இது சரி வராது" என்று மாப்பிள்ளையின் உம்மா படியிறங்கிவிட்டார். என் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. பூசிய பவுடரோடு அறைக்குள் உட்கார்ந்து அழுதேன்.

மழை விட்டதும் வாப்பா தோணியை லொறியில் ஏற்றி வில்கமுவவுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் முதலில் என்னிடம்தான் சொன்னார்: "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வரல்ல, மகள்."

அது மூழ்கித் தொலைந்திருந்தால் வாப்பாவை அன்றைக்கே மன்னித்திருப்பேன்.