தம்பி வீடு வந்து சேர்ந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், தென்மேற்குக் காற்று வீசும் ஒரு சோளகக் காலத்தில், யாழ்ப்பாணக் கடலில் உள்ள எழுவைதீவில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தபடி நான் ஒரு வீடியோ கேமைக் கடைசிவரை விளையாடி முடித்தேன். இதையெல்லாம் அனுபவம் என்று எழுத வந்துவிட்டானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன். கடலில் தொழில் செய்தவன் நான். பகல் முழுவதும் கேமும் கையுமாகக் கிடக்கிறவர்களை வேறு வேலையில்லாதவர்கள் என்று பேசியிருக்கிறேன்.

சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கிக் கடலட்டை பிடிப்பதுதான் என் தொழில். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே வரும்போது அவசரப்படக் கூடாது. நடுவில் நின்று, உடம்பைப் பழகவிட்டு, மெல்ல மெல்லத்தான் வரவேண்டும். புதிதாக இறங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அந்த வருடம் மாசியில் ஒருநாள், அடியில் நிற்கும்போது எனக்குக் காற்று முடிந்துவிட்டது. நின்றால் மூச்சுமுட்டிச் சாக வேண்டியதுதான். நேரே மேலே வந்துவிட்டேன். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு பீடி கேட்டது நினைவிருக்கிறது. அதைப் புகைத்து முடிப்பதற்குள் இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது.

இரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகி முதுகு நரம்பைத் தாக்கிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். கால் திரும்ப வருமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் வீடு வந்தோம்.

கிளினிக்குக்குப் போவதென்றால் என்னோடு கடலுக்கு வந்தவர்கள்தான் என்னை இருந்த கதிரையோடு தூக்கிப் படகில் ஏற்றுவார்கள். "என்ன அண்ணை, கிடந்து சாப்பிட்டு நல்லாப் பாரம் வைச்சிட்டியள்" என்று பகிடி விடுவார்கள். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். சோளகம் தொடங்கிக் கடல் குழம்பியதும் அந்தப் பயணமும் நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்படிக் கிடப்பதைவிடக் கடலடியிலேயே நின்றிருக்கலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு.

அப்போதுதான் பிரான்சில் இருக்கும் மனைவியின் அக்கா, தன் மகன் பாவித்துக் கைவிட்ட ஒரு கேம் பெட்டியை ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்து விட்டிருந்தார். கையில் பிடித்து விளையாடுகிற சின்னப் பெட்டி. அதற்குள் கோணல் தொப்பி போட்ட ஒரு சின்ன ஆள். அவன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓட வேண்டும், பாய வேண்டும், வழியில் வருகிற பூதங்களோடு சண்டை பிடிக்க வேண்டும். காடு, சுரங்கம், வெள்ளம் புகுந்த கோட்டை எல்லாம் தாண்டிக் கடைசியில் தன் வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் பொல்லாத கேம். கால் வைக்கிற இடமெல்லாம் சாவு. செத்தால், கடைசியாகக் கடந்த விளக்குக் கம்பத்தடியில் திரும்பவும் எழும்பி நிற்பான். அவன் எழும்பி நிற்கிறதைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்ப விளையாடினேன்.

அவனுக்குத் தம்பி என்று பெயர் வைத்தது மனைவிதான். "தம்பி இண்டைக்கு எவ்வளவு தூரம் போனவர்?" என்று குசினிக்குள் சமைத்தபடி கேட்பாள். "சுரங்கத்துக்கை விழுந்துபோனான்" என்பேன். பேச்சே இல்லாமல் கிடந்த வீட்டில் அப்படித்தான் பேச்சு வந்தது.

எப்போது என்று தெரியாது, மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்துவிட்டேன். தம்பி வீடு போய்ச் சேர்ந்தால் என் கால்விரல் அசையும். நடக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு விரல் அசைந்தால் போதும். அந்தோனியாருக்கு நாங்கள் இருவரும் வைத்த நேர்த்திகள் வேறு. இது எனக்கு மட்டும் தெரிந்தது. மனைவிக்கும் சொல்லவில்லை. அவள் சிரிப்பாள் என்பதற்காக அல்ல. நம்பிவிடுவாளோ என்று பயம்.

வெள்ளம் புகுந்த கோட்டையில் மாட்டுப்பட்டேன். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சாவியை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். தம்பியின் காற்று குறைந்துகொண்டே போவது திரையின் மூலையில் தெரியும். ஒரு பட்டனை விடாமல் அழுத்தினால் நேரே மேலே வந்துவிடலாம். என்னால் முடியவில்லை. பாதி வழியில் விரல் தானாக எடுபட்டுவிடும். தம்பி நடுத்தண்ணீரில் நிற்பான். நின்றபடியே காற்று முடிந்து சாவான். நாட்கணக்காக இதே கூத்து. இது வெறும் பொம்மை, இவனுக்கு இரத்தமும் இல்லை, குமிழியும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விரல் கேட்கவில்லை.

ஒரு பின்னேரம் மனைவி பக்கத்தில் வந்திருந்து பார்த்தாள்.

"ஏன் நடுவிலை நிப்பாட்டுறியள்? காத்து முடியுதெல்லோ."

"சட்டெண்டு மேலை வரக்கூடாது."

அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, "எந்தப் பட்டன்?" என்று கேட்டாள். காட்டினேன். அழுத்திப் பிடித்தாள். தம்பி நிற்காமல் மேலே வந்தான். கரையில் ஏறினான், தொப்பியை உதறினான், ஓடத் தொடங்கினான்.

நான் செய்ததைத்தான் அவனும் செய்தான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "கொண்டுபோம் இதை" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவளும் குசினிக்குள் அழுதிருக்க வேண்டும், அடுத்தநாள் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் பெட்டியைச் சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவர் இன்னும் வீட்டை போகேல்லை" என்றாள்.

சில கிழமைகள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசைக்குப் போய் வந்து, கட்டில் விளிம்பில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டுப் படலையடிக்கு வந்துவிட்டான். படலையை மறித்துக்கொண்டு மலைபோல ஒரு பூதம். அதனிடம் செத்துச் செத்து அதன் குணமெல்லாம் எனக்குப் பாடமாகியிருந்தது. அன்று அது விழுந்தது. படலை திறந்தது. தம்பி ஓடவில்லை, ஆறுதலாக நடந்து போய்க் கதவைத் தள்ளினான். யன்னலில் வெளிச்சம் வந்தது. இங்கிலீஷ் எழுத்துகள் மேலே போகத் தொடங்கின, ஒரு பாட்டும் வந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தேன். உள்ள மனம் முழுவதையும் அந்த விரலில் கொண்டுபோய் வைத்தேன். பாட்டு முடியும்வரை பார்த்தேன். கால் கிடந்தபடியே கிடந்தது.

தலையை நிமிர்த்தினேன். மனைவியும் திரையைப் பார்க்கவில்லை. பாதி உரித்த வெங்காயம் கையில் இருக்க, என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீரும் நினைச்சனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள். "சொன்னா நீங்களும் நம்பிப்போடுவியள் எண்டு பயத்திலை சொல்லேல்லை."

பிறகு என் சாரத்தை இழுத்துக் கால்களை மூடிவிட்டு, வெங்காயத்தை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

கால் இன்றுவரை அசையவில்லை. கேம் பெட்டி அலுமாரிக்குள் கிடக்கிறது. நம்பிக்கையை விடாதே என்று சொல்ல வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. துன்பத்தைப் பகிர்ந்தால் பாரம் குறையும் என்கிறார்கள். அந்தக் கட்டிலில் என்னோடு சேர்ந்து இன்னொருத்தியும் ஏமாந்துபோனாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இன்னும் கூடத்தான் நோகிறது.