ஓவியத்துக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை லீவு முடிந்த காலை. பெயிண்ட் ஷாப்புக்குள் நுழைவதற்குள் அட்மின் ஆபீசர் போன் செய்து ரிசப்ஷனுக்கு ஓடிவரச் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. பெயிண்ட் ஷாப் இன்சார்ஜ் நான்.

ரிசப்ஷன் சுவரில் முதலாளி பிரான்சிலிருந்து ஆசையாக வாங்கிவந்த எண்ணெய் வண்ண ஓவியம் உண்டு. கடலோரம் செங்குத்தான பாறை, கீழே மணல். மேலே கண்ணாடி கிடையாது. கிட்டப் போனால் வெறும் திட்டுத் திட்டாகப் பெயிண்ட். தள்ளி நின்றால்தான் கடல் தெரியும். அந்தப் பாறை மேல் இப்போது சந்தனமும் குங்குமமும்.

வைத்தது எளாவூரிலிருந்து வருகிற காண்ட்ராக்ட் பெண் செல்வி. பூஜையன்று பிரஸ் மெஷின் முதல் வாசலில் அட்டெண்டன்ஸ் போடுகிற பஞ்ச் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம்.

"எல்லாத்துக்கும் வெச்சிக்கினே வந்தேன் சார். படமாச்சேன்னு இதுக்கும் வெச்சிட்டேன்" என்று அழுதாள்.

முதலாளி வருவதற்குள் கறை போகவில்லை என்றால் அவளை நிறுத்திவிடுவதாக அட்மின் சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"தின்னர் போட்டுத் துடைச்சிடுங்க" என்றார் என்னிடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தின்னர் பட்டால் பொட்டோடு பாறையும் போய்விடும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் மட்டும் லேசான சிவப்பாக நின்றது. இதற்கு மேல் தொடமாட்டேன், முதலாளியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். செல்வி சுவரோரம் நின்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கு இடிக்கிற அளவு நெருங்கிப் போய்த் தேடினார். ஒரு சிவப்புத் திட்டைக் காட்டி, "இதானே?" என்றார்.

"இல்ல சார், அது வரைஞ்சவரே வெச்சது."

இன்னொன்றைக் காட்டினார். அதுவும் இல்லை.

"இத்தனை வருஷமா பாக்கறேன், எனக்கே தெரியல. விடுங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தப்பு நடந்தால் முதலில் உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். தின்னர் டின்னை அப்புறம் திறக்கலாம்.