எட்டரை மணிக் கொடி

சுதந்திர தினத்தன்று நான் டிவி போடுவதில்லை. எனக்கு தேசபக்தி போதாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்த நாளில் கொடியை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. காரணம் ஒரு பொய். யாரும் சொல்லச் சொல்லாமல் நானே உட்கார்ந்து யோசித்துச் சொன்ன பொய்.

காரமடைக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அப்போது நான் தலைமையாசிரியை. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அது சுதந்திரப் பொன்விழா வருடம். முந்தின வருடத் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கியிருந்ததால், காலனியிலிருந்து களை வெட்டப் போகிற ஒரு பெண் ஜெயித்திருந்தார். ஊர்க்காரர்கள் அவரை ‘பிரசிடெண்ட்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கூட நானும் சிரித்திருக்கிறேன்.

இருந்தாலும் அந்த வருடம் பள்ளிக்கொடியை அவரே ஏற்றட்டும் என்று கூப்பிட்டது நான்தான். ஒன்பதரைக்கு என்று சொன்னேன். ஒரு சாயங்காலம் காட்டு வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். கயிறு பாதியில் சிக்கிக்கொண்டால் மானம் போய்விடும், பழகிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டையே கொடி மாதிரி மடித்துக் கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். ஐந்தாறு தரம் துண்டு உச்சிக்குப் போய் விரிந்தது. ஒவ்வொரு தரமும் சரிதானா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதுவரை வருடா வருடம் கொடி ஏற்றியவர், பள்ளிக்கு இடம் கொடுத்த பண்ணைக் குடும்பத்துப் பெரியவர்; ஊரில் தோட்டத்துக்காரர் என்பார்கள். மிட்டாயும் அவர் செலவுதான். இரண்டு நாள் முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

“ஏனுங்க டீச்சர், எப்பவும் போல நானே வந்து ஏத்தீர்றனுங்க. அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க சிரமம்?”

சரிங்க என்றேன். மாட்டேன் என்றிருந்தால் என்ன செய்திருப்பார்? தெரியாது. சொல்லிப் பார்த்தால்தானே தெரியும். பிரசிடெண்டிடம் போய் நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் அவருக்குச் சொன்ன ஒன்பதரையை அப்படியே விட்டுவிட்டு, தோட்டத்துக்காரரை எட்டரைக்கு வரச்சொன்னேன். வரிசையில் நின்று பழக வேண்டும் என்று பிள்ளைகளை எட்டு மணிக்கே வரவழைத்தேன். அந்த மூளையை வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

எட்டரைக்குக் கொடி ஏறியது. பிறகு நான் பேசினேன். யாரும் யாருக்கும் பயப்படாமல் வாழ்வதுதான் சுதந்திரம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். கண் மட்டும் காலனிப் பாதையிலேயே இருந்தது. பிரசிடெண்ட் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே.

ஒன்பதே காலுக்கு வந்தார். கஞ்சி போட்ட சேலை. கொடிக்குள் வைத்துக் கட்ட ஒரு மஞ்சள் பை நிறையச் செவ்வந்தி இதழ் கொண்டுவந்திருந்தார். தோட்டத்துக்காரர் போய்விட்டார். பிள்ளைகள் மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். கம்பத்தடியில் வேறு பூக்கள் கிடந்தன. ஆபீசிலிருந்து திடீரென்று நேரத்தை மாற்றிவிட்டார்கள், ஆள் விட்டுச் சொல்லவும் அவகாசமில்லை என்று கதை அளந்தேன். காலனி மூன்று நிமிட நடை.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“பொழுதோட எறக்கோணுமல்லங்க டீச்சர்? அதையாச்சும் நான் எறக்கட்டுங்களா?”

சாயங்காலம் ரோட்டில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டுத்தான் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். எழுதவே கூசுகிறது. அவர் அவசரப்படாமல், கொடி தரையில் பட்டுவிடாமல் தோளில் வாங்கி, மடித்து என் கையில் கொடுத்தார். கொடியை இறக்க நான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

“அடுத்த வருசம் நேரத்தச் சரியாச் சொல்லிப்போடுங்க டீச்சர். நான் வெள்ளனவே வந்தர்றனுங்க.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தோட்டத்துக்காரரிடம் சொன்ன அதே ‘சரிங்க’வை அவரிடமும் சொன்னேன்.

அடுத்த ஆகஸ்டு வருவதற்குள் மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டேன். பஸ் அலைச்சல் தாங்கவில்லை என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். காரமடைப் பள்ளிக்கு ஒரே பஸ்தான். மதுக்கரைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன்.