நிறுத்தக் கூடாத மாத்திரை

எங்கள் பக்கத்தில் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எர்ணாவூர் போர்டு குடியிருப்பில் காலையில் துடைத்த ஜன்னல் கம்பி மத்தியானத்துக்குள் மறுபடி கறுத்துவிடும். லாரிப் புகை, கரித்தூள், கம்பெனிகளிலிருந்து வரும் பேர் தெரியாத நாற்றம். எல்லோருக்கும் ஏதோ ஒரு இருமல் உண்டு. அதனால் என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, இருமல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அவர் டிரைலர் ஓட்டுபவர். மணலிப் பக்கத்து யார்டுகளிலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்த் திரும்புவதுதான் வேலை. தூரம் கொஞ்சம், காத்துக் கிடப்பது அதிகம். கடலோர ரோட்டில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்கும்போது டிரைவர்கள் கேபினிலேயே சாப்பிட்டு, கேபினிலேயே தூங்கி, கேபினிலேயே இருமுவார்கள்.

அதே வண்டியை நைனாவோடு முறை மாற்றி ஓட்டிய இன்னொரு டிரைவர் இருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். டி.பி. முதலில் வந்தது அவருக்குத்தான். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இருமல் நின்று உடம்பு தேறியது. தேறிவிட்டதே என்று மாத்திரையை விட்டுவிட்டார். குடியும் திரும்ப ஒட்டிக்கொண்டது. அந்த வருஷம் முடிவதற்குள் நோய் மறுபடி வந்தபோது பழைய மாத்திரைக்கு அது அடங்கவில்லை. வேறு மருந்துகள் கொடுத்தார்கள். அதையும் பாதி சாப்பிட்டு பாதி சாப்பிடாமல் விட்டார். கடைசியில் அவரை ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்தவர் நைனா. வீட்டுக்கு வந்து, தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. மாமா ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சாவு ஆறுவதற்குள் நைனாவுக்குச் சாயங்காலங்களில் காய்ச்சல் வர ஆரம்பித்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். ஒரு நாள் காசிமேடு அருகே வரிசையில் நிற்கும்போது வாயைப் பொத்திய துண்டில் ரத்தம் பட்டிருக்கிறது. வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, துண்டை அம்மாவிடம் காட்டினார். பரிசோதனையில் என்ன வரும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்தது. எங்கள் பகுதிக்கு வரும் சுகாதாரப் பணியாளர் ஒரு அக்கா. டி.வி.எஸ். வண்டியில் வருவார். முதல் நாளே எங்கள் மூன்று பேரையும் தரையில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். எடையைப் பார்த்து எழுதிய மாத்திரை இது; எல்லாவற்றையும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றாகப் போட வேண்டும். சாப்பாடு அதற்கப்புறம்தான். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம், பயப்படக் கூடாது. சாராயம் கூடவே கூடாது. வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும். வாந்தி நிற்காவிட்டால், கண் மஞ்சளானால், கை கால் மரத்தால், பார்வை மங்கினால் உடனே வந்து சொல்ல வேண்டும். உடம்பு தேறினாலும் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் மாத்திரையை விடக் கூடாது.

இத்தனை சொன்னதில் நைனா கடைசிப் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டார். மாமாவைத் தூக்கிய கை அது.

அதற்குமுன் நைனா எதிலும் இத்தனை ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. விடிந்ததும் முகம் கழுவி, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்காருவார். மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்ப்பார். குடியை ஒரே நாளில் விட்டார். ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது. அக்காவிடம் கேட்டு, டாக்டர் தந்த மாத்திரையில் அது அடங்கியது. எனக்கும் அம்மாவுக்கும் பரிசோதனை செய்தார்கள், நோய் இல்லை என்று வந்தது. மெல்ல மெல்ல அவருடைய கன்னத்தில் சதை பிடித்தது. இருமல் போனது. அடுத்த கட்ட மாத்திரைக்கு மாற்றினார்கள், டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார், நைனா மறுபடி டிரைலர் ஏறினார். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் காலேஜில் இரண்டாம் வருஷம். பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்தோம்.

தக்காளியில்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. வேலை முடிந்து வரும்போது வாங்கி வந்தவர், ஒரு கிலோவும் பச்சைக் காயாகக் கொண்டு வந்தார். அம்மா கத்தினாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். பிறகு டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கும்போது எந்த டீம் ஆடுகிறது என்று என்னைக் கேட்டார். செல்போனைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் ஓரமாகப் பிடித்துப் பார்த்தார். நான் கேட்டதற்கு வயசாகிவிட்டது, கண்ணாடி போட வேண்டும் என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். முகம் மாறிவிட்டது.

"நீ படிக்கற வேலையப் பாரு. கண்ணப் பத்தி அந்த அக்கா கையில வாயத் தொறந்த, அவ்ளோதான்."

வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், காலேஜில் இருக்கும்போது நைனாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு டிராஃபிக் போலீஸ்காரர். டோல்கேட் பக்கம் திரும்பும் சிக்னலில் உன் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி உட்கார்ந்திருக்கிறார், எடுக்க மாட்டேன் என்கிறார், வா என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியை வேறு யாரோ ஓரம் கட்டியிருந்தார்கள். ஆனாலும் பின்னால் வெகுதூரம் வரை லாரிகள் நின்றிருந்தன. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. நைனா ரோட்டு நடுச்சுவரில் உட்கார்ந்திருந்தார். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் போலீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்திருந்தார்.

என் குரல் கேட்டதும் நைனா தலையைத் தூக்கினார்.

"லைட்டு எரியுது. இன்னா கலருன்னு தெரில. முன்னாடி ஒரு பொண்ணு ஸ்கூட்டில போய்க்கினு இருந்தா, திடீர்னு ஆளே காணோம். எங்க பூட்டான்னு தெரில. அதான் ஆஃப் பண்ணிட்டேன்."

அந்தப் பெண் எங்கும் போகவில்லை. டிரைலருக்கு நேர் முன்னால்தான் நின்றிருக்கிறாள். போலீஸ்காரர் சொன்னார். நைனா வண்டிச் சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். அதற்கு முன் எத்தனை நாள் முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட்டையும் சத்தத்தையும் வைத்தே ஓட்டினார் என்று அவர் சொல்லவில்லை.

அங்கிருந்தே அக்காவுக்கு போன் செய்தேன். ஒரு வார்த்தை கூடத் திட்டாமல், இன்று மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேட்டார். பிறகு எங்களோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண் பிரிவில் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒரு அட்டையைக் காட்டி, அதில் தெரியும் எண்ணைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. நைனா ஒவ்வொரு அட்டைக்கும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். எழுத்துப் பலகையில் மேலே உள்ள பெரிய எழுத்தையே தடவித் தடவித்தான் சொன்னார். நான் எதிரே நின்றிருந்தேன். என் முகம் தெரிகிறதா என்று டாக்டரம்மா கேட்டார்.

"நடுவுல பொக மாதிரி கீது மேடம். தலமுடி தெரியுது. காது தெரியுது."

அந்த மாத்திரையில் சேர்ந்திருக்கும் மருந்துகளில் ஒன்று எத்தாம்புட்டால். சில பேருக்கு அது கண் நரம்பைத் தாக்கும், நிறம் தெரியாமல் போவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி என்று டாக்டரம்மா விளக்கினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்திருந்தது. அதனால் மருந்து உடம்பில் கூடுதலாகத் தங்கியிருக்கலாம் என்றார். மங்கத் தொடங்கியதுமே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போதாவது அந்த ஒரு மருந்தை உடனே நிறுத்த வேண்டும்.

நிறுத்த வேண்டும் என்ற சொல் காதில் விழுந்ததும் நைனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் யார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"கண்ணு பூட்டா பூட்டும் மேடம். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க. எங்கூட ஓட்டுனவன் நிறுத்திதான் செத்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணைச் சொன்னால் மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள், மாத்திரை போனால் உயிர் போய்விடும். இதுதான் அவருடைய கணக்கு. டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, மற்ற மருந்துகள் தொடரும், நோய்க்கான வைத்தியம் நிற்காது, நெஞ்சு நோய் டாக்டர் மாற்றித் தருவார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நைனா தலையாட்டினார். கேட்டுக்கொண்டார் என்று நினைத்தோம்.

புது மாத்திரைகள் வந்தன. பழைய மாத்திரைப் பட்டைகளை அக்கா திருப்பி வாங்கிக்கொண்டார். ஆனால் பார்வை தேறவில்லை, இன்னும் மங்கியது. போதாததற்குக் குமட்டல் திரும்பி வந்தது. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். அம்மா அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது உள்பையில் பாதி காலியான பழைய பட்டை ஒன்று கிடைத்தது. காலையில் எங்கள் முன்னால் புது மாத்திரையைப் போட்டுவிட்டு, கீழே டீக்கடைக்குப் போய் பழையதையும் போட்டிருக்கிறார். புதியது எண்ணிக்கையில் குறைவாக இருந்ததால், வைத்தியத்தைக் குறைத்துத் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அம்மா அழவில்லை. பட்டையை அவர் மடியில் போட்டாள்.

"நீ சாவக் கூடாதுன்னு இத்தத் துன்ன. இதாலயே செத்துருந்தா நான் யாரக் கேக்கறது?"

அக்கா வந்து, அன்றே ஆஸ்பத்திரிக்கு இட்டுப்போனார். இரண்டு பட்டையிலும் இருந்த மருந்துகளை இரண்டு மடங்காகச் சாப்பிட்டதில் கல்லீரலும் அடி வாங்கியிருந்தது. நைனாவை வார்டில் சேர்த்தார்கள். கொஞ்ச நாள் எல்லா மருந்தையும் நிறுத்தி, ரத்தம் சரியானதும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். மருந்து எதுவும் இல்லாத அந்த நாட்கள்தான் நைனாவுக்கு மிகப் பெரிய தண்டனை. கட்டிலில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். செருப்புச் சத்தம் கேட்டால் நர்ஸ் மாத்திரையோடு வருகிறாரா என்று கேட்பார். இருமல் வந்துவிட்டதா என்று வேண்டுமென்றே இருமிப் பார்ப்பார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்தபோது, நைனாவுக்கு அது கண்ணில் படவில்லை. படுக்கையைச் சுருட்டும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டார்.

கடைசியில் டி.பி. போனது. சளியில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரே படத்தில் பழைய தழும்பு மட்டும்தான் என்றார்கள். பார்வை பாதிதான் திரும்பியது. மாதக்கணக்கில் ஓரங்கள் தெளிந்தன, நடுப்பகுதி தெளியவில்லை. நிறங்கள் எல்லாம் அவருக்குச் சாம்பலின் பல சாயல்கள். டிரைலர் முதலாளி ஒருமுறை பழத்தோடு வந்து பார்த்தார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நைனாவும் கேட்கவில்லை. நான் படிப்பை விட்டுவிட்டு ஒரு கண்டெய்னர் யார்டில் கணினியில் வண்டி எண் பதியும் வேலைக்குப் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

வீட்டில் இருக்கும் நைனா எளிதான மனிதர் இல்லை. சாம்பார் ஊற்றும்போது தட்டு நகர்ந்தால் தட்டையே தள்ளிவிடுவார். யாராவது கைபிடித்துப் படியிறக்க வந்தால் உதறுவார். சில நாள் யாரோடும் பேசாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். அம்மா கேன்டீனிலிருந்து வந்து அவருக்கும் சேர்த்து சமைப்பாள். இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு குறைந்துபோய்விட்டது.

அந்த மாத்திரை மேல் கோபமா என்று ஒரு முறை கேட்டேன். தூங்கிவிட்டார் என்று எழப்போனேன்.

"மாத்திர இல்லன்னா அவன் பின்னாடியே பூட்டுருப்பேன். கண்ணு மங்குனா சொல்லுன்னு மாத்திர குடுக்கற அந்தப் பொண்ணு மொத நாளே சொல்லிச்சு. நிறுத்தாதன்னு சொன்னது மட்டும்தான் என் காதுல வுழுந்துச்சு."

கீழே யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்கள். நான் குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே நைனாவும் ஒரு குடத்தோடு, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து வரிசையில் நின்றார்.