ஊன்றுகால்

எனக்குப் பன்னிரண்டு வயதான வருஷம் முழுவதும் என் இடது காலை நான் நம்பவில்லை. என்னைக் கேட்காமலே அது தரையை விட்டுக் கிளம்பிவிடும். உடனே விசில் ஊதும்.

மலேசியாவில், பெடாஸிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். மொத்தமே நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகள். அந்த வருஷம் கோலா பிலாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர், பெண்பிள்ளைகளைக் கூடைப்பந்து ஆட வைத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். இடித்துப் போட்ட ரப்பர்ப்பால் கொட்டகையின் சிமெண்டுத் தரை மட்டும் அப்படியே கிடந்தது. தோட்டத்துப் பட்டறையில் சொல்லி ஓர் இரும்பு வளையம் அடிக்க வைத்து, அங்கே கம்பம் நட்டு மாட்டினார். ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்புமாக ஒன்பது பேர் தேறினோம். எட்டு ஜெர்சிதான் இருந்தது. மாவட்டப் போட்டிக்கு எட்டுப் பேர் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். விடுபடப்போகும் ஒன்பதாவது ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

விதி எனக்கு நன்றாகவே மனப்பாடம். பந்தைத் தட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு கால் தரையோடு ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு டீச்சர் வைத்த பெயர் ஊன்றுகால்; எனக்கு அது எப்போதும் இடது கால். அதை அச்சாக வைத்து மற்றக் காலை முன்னே, பின்னே, எந்தப் பக்கமும் வைத்துச் சுற்றலாம். ஓடி வந்து பந்தைப் பிடித்தால் முதலில் தரையில் பட்டதே ஊன்றுகால். இரண்டும் சேர்ந்து பட்டால் நம் விருப்பம். ஆனால் ஒன்றைத் தூக்கிவிட்டால் மற்றதுதான், பிறகு மாற்ற முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்புவதென்றால், பந்து கையை விட்டபிறகே ஊன்றுகால் எழ வேண்டும். தப்பினால் நடுவர் இரண்டு முஷ்டிகளையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து உருட்டிக் காட்டுவார். டிராவலிங். டீச்சர் அதைத் தமிழில் கத்துவார்: “நடந்துட்டே!”

கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். ஆனால் எதிரே ஒருத்தி கைகளை விரித்து நின்றதும் பந்துக்கு முன்னால் கால் கிளம்பிவிடும். வகுப்பில்கூட, நான் தலையைத் திருப்பினால் யாராவது ஒருத்தி முஷ்டியை உருட்டிக் காட்டுவாள். சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்குப் போகும் செம்மண் பாதையில் ஒவ்வொரு அடிக்கும், இப்போது எந்தக் கால், இப்போது எந்தக் கால் என்று கணக்கு வைத்துக்கொண்டு நடந்து, இரண்டு தடவை மணியடித்த பிறகு போய்ச் சேர்ந்தேன்.

கடைசியில் அம்மாவைப் பிடித்தேன். அம்மா மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போய்வந்து, குளித்து, கைலியோடு வாசலுக்கு வந்த நேரம்.

“நான் என்னா செய்யணும்?”

“கைய விரிச்சு நில்லுங்கம்மா. பந்தப் புடுங்கப் பாருங்க. நான் இடது கால எடுத்தா சொல்லுங்க.”

“மத்தக் கால எடுக்கலாமா?”

“எத்தன தடவ வேணும்னாலும் எடுக்கலாம்.”

“ஒரு காலு கூடாது, ஒரு காலு கூடும். நல்ல வெளாட்டு லா இது,” என்று சிரித்தார் அம்மா. ஆனால் ஒரே வாரத்தில் டீச்சரைவிடக் கண்டிப்பான நடுவர் ஆகிவிட்டார். குதிகால் கொஞ்சம் இடம் மாறினாலும், “நடந்துட்டே!” என்ற குரல் பக்கத்து வீடுவரை கேட்கும்.

கோலா பிலாவில் ஒரு நட்புமுறை ஆட்டம். மூன்று தடவை எனக்கு விசில் விழுந்தது. மூன்றாவது, ஆட்டம் முடியும் நேரத்தில். ஒரே புள்ளி பின்தங்கியிருந்தோம். வளையத்துக்கு நேரே நின்ற என்னிடம் பந்து வந்தது. என் முன்னால் யாருமே இல்லை. அந்த மகிழ்ச்சியிலேயே கால் எழுந்துவிட்டது. திரும்பி வரும்போது வேனில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. நான் பெடாஸ் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் டீச்சர் எல்லாரிடமும் பிறப்புப் பத்திரத்தின் நகலும், பன்னிரண்டு வயதானவர்களிடம் ஐ.சி. என்ற அடையாள அட்டையின் நகலும் கேட்டார். ஆறாம் வகுப்புத் தோழிகள் அப்பாமாரோடு சிரம்பானுக்குப் போய்ப் படம் பிடித்து, புது ஐ.சி. வாங்கி வந்திருந்தார்கள். என் அப்பா, “அப்பறம் போலாம்,” என்று சொல்லியிருந்தார். நான் பிறப்புப் பத்திரத்தை மட்டும் கொடுத்தேன். எட்டுப் பேர் பட்டியலில் டீச்சர் என் பெயரையும் எழுதிக்கொண்டார். அன்று நிறையச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் டீச்சரின் கார் எங்கள் வீட்டு முன் நின்றது. அப்பா அப்போதுதான் டிராக்டரை விட்டுவிட்டு வந்திருந்தார். என்னை உள்ளே போகச் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

“எனக்கு மொதல்லயே தெரியாதுங்க. பேரு அனுப்பினேன், திருப்பி அனுப்பிட்டாங்க,” என்றார் டீச்சர்.

“நடக்காம இல்ல டீச்சர்,” இது அப்பா. “இவ பொறந்ததுலருந்து நடைதான். நடந்து நடந்து காலு தேஞ்சதுதான் மிச்சம்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பாவே ஒப்புக்கொள்கிறார்! பிறந்ததிலிருந்தே நான் இப்படித்தான் என்று டீச்சரிடம் சொல்லிக்கொடுக்கிறார்! நான் எவ்வளவு திருந்தியிருக்கிறேன் என்று அம்மாவுக்குத்தானே தெரியும், அவராவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அவர்கள் பேசியது என் காலைப் பற்றி அல்ல. அம்மா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். ஆனால் அவர் பிறப்பை யாரும் பதியவில்லை, கையில் இருந்தது நிரந்தரவாசியின் சிவப்பு அட்டை. அப்பா அம்மா கல்யாணம் கோயிலில் நடந்தது. அதையும் நான் பிறந்த பிறகுதான் பதிந்தார்கள். அப்பா குடிமகனாக இருந்தும் சட்டப்படி நான் அம்மாவின் கணக்கில் வந்ததால், என் பிறப்புப் பத்திரத்தில் பெயருக்குக் கீழே, குடிமகள் அல்ல என்று மலாயில் ஒரு வரி இருந்தது. நானும் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முகவரியைப்போல அதுவும் ஒரு வரி என்று நினைத்திருந்தேன். போட்டிக்காரர்கள் என் பெயரைத் திருப்பியது அந்த வரியால்தான். அந்த வரியை மாற்றத்தான் அப்பா ரெம்பாவிலும் சிரம்பானிலும் உள்ள பதிவு அலுவலகங்களுக்கு நடந்துகொண்டிருந்தார். குடிமக்களுக்கான நீல அட்டை என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது.

மறுநாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தத் தடவ நீ என் பக்கத்துல ஒக்காந்து ஸ்கோர் எழுதும்மா,” என்றார்.

“நான் நடந்ததாலயா டீச்சர்?”

அவர் குனிந்து, தரையில் கிடந்த பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். “ஆமாம்மா,” என்றார் பிறகு. “இன்னும் கொஞ்சம் கால் பழகணும்.”

அழுகை வந்தது, ஆனால் ஒரு நிம்மதியும் வந்தது. பழகினால் போதும் அல்லவா?

போட்டியன்று ஸ்கோர் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவையாவது நடந்தார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் அதை எழுதத் தாளில் இடம் தேடினேன். புள்ளிக்குக் கட்டம் இருந்தது, ஃபவுலுக்குக் கட்டம் இருந்தது. நடந்ததற்கு இல்லை. என்னை ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைக்கும் அளவு பெரிய குற்றத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லாதது எனக்கு விளங்கவே இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் தோற்றுத் திரும்பினோம்.

போட்டி முடிந்த பிறகும் நான் விடவில்லை. தினமும் அம்மாவை வாசலுக்கு இழுத்தேன். அவரும் மறுக்காமல் வந்து, கைகளை விரித்து நின்றார். ஒருநாள் இருபது தடவை பந்தைப் பிடித்தேன், சுற்றினேன், தட்டிக்கொண்டு கிளம்பினேன். இருபதிலும் பந்துக்கு முன்னால் இடது கால் அசையவில்லை.

“பாத்தீங்களாம்மா? ஒருக்கா கூட நடக்கல! டீச்சர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. இனிமே சேத்துக்குவாங்க.”

அம்மாவின் கைகள் இறங்கின. என்னைப் பார்க்காமல் செம்பனை மரங்களின் பக்கம் திரும்பி நின்றார். நான் அவரைச் சுலபமாகக் கடந்து போனேன். எனக்குக் கோபமாக வந்தது. வீட்டுக்குள் போய், அம்மா இப்போதெல்லாம் ஒழுங்காகத் தடுப்பதே இல்லை என்று அப்பாவிடம் குறை சொன்னேன்.