பாட்டில்லாமல் ஆடிய கும்மி: ஒரு கம்பம் பயணம்

2009 தை மாதக் கடைசியில் கம்பம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை. மதுரையில் நான் வேலை பார்க்கும் சிறிய அறக்கட்டளை, கிராமியக் கலைக்குழுக்களுக்கு நிதியுதவி தருகிறது. பணத்தைக் கொடுக்கும் முன் யாராவது நேரில் போய், குழு ஆடுவதைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இந்த முறை என்னை அனுப்பினார்கள். இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குழுவில் பன்னிரண்டு பெண்கள். எல்லோருக்கும் மலைமேல், கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் கூலி வேலை. விடியுமுன் ஜீப்பில் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவார்கள். அவர்கள் கேட்டிருந்தது ஒரு மைக் செட்டும், வாரத்தில் ஒருநாள் தோட்டத்துக்குப் போகாமல் கும்மி பழக அந்த நாள் கூலியும். கூலி கேட்ட கலைக்குழுவை நான் அதுவரை பார்த்ததில்லை. நியாயமான கோரிக்கை என்றுதான் பட்டது.

ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்கு பஸ். தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் மாறினால் கம்பம் இன்னும் நாற்பது கிலோமீட்டர். வலப்பக்கம் உட்காருங்கள், காலை வெயில் படாது. உத்தமபாளையம் தாண்டியதும் திராட்சைப் பந்தல்கள் ரோடு வரை வந்துவிடுகின்றன.

கம்பத்திலிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டியவர் காதர் பாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“துட்டிக்கா போறீக? எழவு வீட்டுக்கா?”

“இல்லை பாய். கும்மி பார்க்க.”

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். “போன வாரம் அந்த ஊரு ஜீப்பு மலையேறுற மெட்டு ரோட்டுல உருண்டுருச்சும்மா. ரெண்டு பொம்பளைக போயிட்டாக. ஒங்களுக்கு ஆரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. கிளம்புமுன் குழுத் தலைவியின் செல்போனுக்கு இரண்டு முறை கூப்பிட்டிருந்தேன், எடுக்கவில்லை. மலைத்தோட்டத்தில் சிக்னல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

தலைவி பேச்சியம்மாள் வாசலிலேயே இருந்தார். நாற்பது வயதிருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. இறந்த இருவரும் குழுவில் ஆடியவர்கள். ஒருவர் செல்வி. இன்னொருவர் மாரியம்மாள், எல்லாப் பாட்டையும் எடுத்துக்கொடுப்பவர் அவர்தான்.

“அடுத்த மாசம் வர்றேன் அக்கா” என்றேன்.

“அடுத்த மாசம் வந்தா இந்த வருசம் கெடைக்குமா?”

கிடைக்காது. முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த வாரம். ஆடியதாகவே எழுதிவிடுகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“பாக்காம எழுதாதீக. நாளைக்கு ஒங்கள ஆராச்சும் கேப்பாக. நாங்க ஆடுறோம்.”

விபத்துக்குப் பிறகு யாரும் தோட்டத்துக்குப் போகாததால், அழைத்ததும் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி நெற்றியில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் வட்டமாக நின்றபோது மாரியம்மாளின் கணவர் கருப்பையா வேகமாக வந்தார். குடித்திருக்கவில்லை. சவரம் செய்யாத முகம்.

“பதினாறு கழியல. அதுக்குள்ள கும்மியா? அவ பாட்ட எவ பாடுவா?”

“ஆரும் பாடலண்ணே” என்றார் பேச்சியம்மாள். “பாடாம ஆடுறோம். மதுரைலருந்து வந்துருக்காக. நாங்க இருக்கோம்னு காட்டணும்.”

கருப்பையா என்னைப் பார்த்தார். அவர் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

ஆடினார்கள். கைதட்டலும் காலடியும் மட்டும். பேச்சியம்மாள் ஒற்றைக் கையால் தொடையில் தட்டி அடி பிடித்தார். வழக்கமாக ஒரு பாட்டு முடிந்தால்தான் வட்டம் திரும்பும் போலிருக்கிறது. பாட்டு இல்லாததால் எங்கே திரும்புவது என்று தெரியாமல் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி தொடங்கினார்கள். மரத்தடியில் கருப்பையா முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தார். நெற்றியில் தையல் போட்டவள் பாதியில் உட்கார்ந்து அழ, எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் போதும் என்று சொல்வதற்குள் பேச்சியம்மாளே சொன்னார்: “இம்புட்டுத்தாம்மா. எழுதிக்கங்க.”

கண்டதை அப்படியே எழுதினேன். கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். பாட்டு இல்லாமல் கும்மி ஆகாது, விண்ணப்பத்தில் பன்னிரண்டு பேர், இப்போது பத்து, அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கட்டும் என்று முடிவாயிற்று. ‘விதி’ என்ற சொல்லை ஒருவர் பலமுறை சொன்னார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. போன் எடுக்காவிட்டால் சிக்னல் இல்லை என்று முடிவுகட்டாமல், கம்பத்தில் இறங்கி யாரிடமாவது ஊரைப் பற்றி விசாரியுங்கள். தோட்ட வேலை செய்பவர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாளில் போனால் அவர்கள் கூலி போகும். காரில் மெட்டு ரோடு ஏறுவதென்றால் காலை ஒன்பதுக்குப் பிறகு ஏறுங்கள். அதற்கு முன் அந்த வளைவுகளில் ஆள் ஏற்றிய ஜீப்புகள் ஒன்றையொன்று முந்துகின்றன.

முடிவு எழுத்தில் வர ஒரு மாதம் ஆயிற்று. அதைச் சொல்ல நான்தான் பேச்சியம்மாளுக்குப் போன் செய்தேன். கட்டுப் பிரித்துவிட்டதாகவும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்ப அடுத்த வருசம் பத்துப் பேருன்னு எழுதிக் குடுத்தாச் சரியா?”

“சரிதான் அக்கா.”

“அதுவரைக்கும் பத்துப் பேரும் இருக்கணும்ல” என்றார்.