செட்டுக்கு இன்னொரு அர்த்தம்

தங்கை அகராதி அலுவலக வேலைக்கு வெளியூர் கிளம்பிய திங்கட்கிழமை, பஸ் நகர்ந்த பிறகும் மிக்சர் அக்கா ஜன்னலைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். அக்கா ஓட்டுவது கான்கிரீட் கலவை சுமக்கும் மிக்சர் லாரி. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"அங்க போய் என்னடி பண்ணுவே?"

"முதல்ல 'செட்'டுங்கிற ஒரே வார்த்தைதான்க்கா. நம்ம ஆளுங்க அதை எப்படியெல்லாம் சொல்றாங்கன்னு சேர்க்கணும். காதுல விழுந்தா வாய்ஸ் அனுப்பு!"

"ஒரு வார்த்தைக்கு ஒரு சம்பளமா? எனக்கும் ஒரு வார்த்தை பிடிச்சுக் குடு!"

அதற்குப் பிறகு அக்காவின் காது சும்மா இருக்கவில்லை. டம்ளரில் ஊறிய மாமியாரின் பல் செட், பக்கத்து வீட்டு மைக் செட், வாலிபாலில் தோற்ற செட், அலாரம் செட் பண்ணாமல் தூங்கிய கணவன், கலவை இறுகினால் அதுவும் செட். பெண் பார்த்துவிட்டு வந்த கிரேன் டிரைவர் "செட் ஆகலைக்கா" என்று உதட்டைப் பிதுக்கியதைக்கூட, அவன் முகம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அனுப்பிவிட்டாள்.

சில வாரம் கழித்துத் தங்கை போனில் வரைவை வாசித்தாள். 'செட்டு: தவறான காரியத்துக்குக் கூடும் கும்பல். இழிவழக்கு' என்ற இடம் வந்ததும் அக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஏய், எங்க டிரைவருங்களை நான் 'நம்ம செட்டு'ன்னுதானே சொல்றேன்? நாங்க என்ன வழிப்பறிக் கும்பலா? அதை அடிச்சுடு!"

"உங்களை நீங்களே சொல்லிக்கிட்டா போதாதுக்கா. வெளியாளு ஒருத்தர், யாரும் தூண்டாம, நல்லவிதமாச் சொல்லணும். கிடைச்சா ரெண்டாவது அர்த்தமாப் போடுவாங்க. அடுத்த வாரம் பக்கத்தை முடிச்சிடுறோம்."

வெளியாளுக்கு எங்கே போவது? கட்டட இன்ஜினியர் இருக்கிறார். நாலு டிரைவர்கள் டீ குடித்தாலே "செட்டு சேர்ந்துட்டாங்கய்யா" என்று முகம் சுளிப்பவர். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தையா? அக்கா நம்பிக்கையை விட்டுவிட்டாள்.

அந்த வாரமே கூரை கான்கிரீட் நடந்தது. பாதி ஸ்லாப் போட்டாகிவிட்டது. அடுத்த லோடு அக்காவுடையது. கட்டட வாசலில், டிரம்மைச் சுற்றவைக்கும் ஆயில் போகிற ஹோஸ் வெடித்து, லாரி முதுகில் சுற்றிக்கொண்டிருந்த டிரம் நின்றது. மேலே ஊற்றிய கலவை இறுகத் தொடங்கிவிட்டால் புதுசு அதோடு ஒட்டாது. டிரம்முக்குள் இருப்பதும் கல்லாகிவிடும்.

"ஏம்மா, இப்பத்தான் நிக்கணுமா இது?" இன்ஜினியர் தலையில் கை வைத்தார்.

அக்கா போனை எடுத்து ஒரு குரல்தான் கொடுத்தாள். காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் வளைத்துக்கொண்டு வந்தார்கள். கிரேன் டிரைவர் மேலிருந்து குதிக்காத குறையாக இறங்கினான். ஒரு வண்டியை உரசுகிற மாதிரி ஒட்டி நிறுத்தி, அதன் ஆயில் பம்பிலிருந்து ஹோஸ் இழுத்து அக்காவின் டிரம்முக்கு மாட்டினார்கள். ஆயில் முகத்தில் பீய்ச்சியது.

"விடாதே, முறுக்கு!"

"முறுக்கிட்டுத்தான்டா இருக்கேன், என் கையை விடு!"

டிரம் ஒரு உறுமு உறுமிச் சுற்றியது. கலவை சரிவில் வழுக்கி இறங்கியதும் எல்லாரும் கத்திவிட்டார்கள். இன்ஜினியரும்தான்.

"யப்பா! இந்த செட்டு மட்டும் இல்லேன்னா என் ஸ்லாப் போயிருக்கும்யா!"

அக்கா ஆயில் கையோடு ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"சார்! என்ன சொன்னீங்க? நான் சொல்லச் சொல்லலையே? நீங்களாத்தானே சொன்னீங்க?"

"நானாத்தான்மா சொன்னேன்! சட்டையை விடும்மா, புதுசு!"

விரல் வழுக்கி, மூன்றாவது முயற்சியில் வாய்ஸ் போனது. பதில் வாய்ஸில் தங்கை, "அகராதிக் குழு ஒத்துக்கணும்க்கா. பார்ப்போம்," என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மழைக்காலம் இரண்டு முறை வந்து போனது. இன்ஜினியர் வேறு கட்டடத்துக்குப் போனார். கிரேன் டிரைவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம் கலவை பிளாண்டில் லோடு ஏறிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. அச்சான பக்கத்தின் படம்.

"செட்டு 2. ஆபத்தில் கைகொடுக்கும் கூட்டாளிகள். 'இந்த செட்டு மட்டும் இல்லேன்னா என் ஸ்லாப் போயிருக்கும்.'"

கீழே தங்கை எழுதியிருந்தாள்: "இழிவழக்குன்னு போடலைக்கா. ஹாரன் அடிச்சு எல்லாரையும் கூப்பிடு!"